எட்டாம் அத்தியாயத்தில் ஒரு மச்சான்

என் வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்த எழுத்தாளருக்கு நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் கிடையாது. தலை உண்டு, மூக்குக் கண்ணாடி உண்டு, பச்சைச் சேலையின் தோள்பக்கம் கொஞ்சம் உண்டு. மீதியை லேப்டாப் திரை வெட்டிவிட்டது. அவர் சென்னையில் தன் வீட்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். நாங்கள் தூத்துக்குடிக்குப் பக்கத்தில், துறைமுகத்துக் கிரேன்கள் தெரிகிற ஒரு கடற்கரை ஊரில், நடுநிலைப் பள்ளியின் ஆறாம் வகுப்பில் தரையில் உட்கார்ந்திருந்தோம். அந்த எழுத்தாளரின் புத்தகத்தில் நான் ஒரு தப்புக் கண்டுபிடித்தேன், அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார். இந்தக் கதையை நான் பத்து வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். துறைமுகத்தில் என்னோடு சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்கள் நான் வாயைத் திறந்ததும் டீ குடிக்க எழுந்துவிடுகிறார்கள். அவ்வளவு சொல்லியும், கதையில் பாதி எனக்கே தெரியாது என்பது இந்த வருஷம்தான் தெரிந்தது.

எங்கள் தலைமை ஆசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். தினமும் தூத்துக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். பள்ளி நூலகத்துக்கு எங்கிருந்தோ ஒரு கட்டுப் புத்தகம் வாங்கி வந்தார். அதில் ஒரு கதைக்கு மூன்று பிரதி இருந்தது. அந்தக் காலத்தில் நம் கடலில் முத்துக் குளித்த ஒரு பையனைப் பற்றிய கதை. நம் ஊர்க் கதை என்பதால் மூன்று பிரதியும் வீடு வீடாகச் சுற்றி, ஒரே மாதத்தில் அட்டை கழன்றுவிட்டது. பெரிய டீச்சருக்கு உற்சாகம் தாங்கவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த முகவரிக்கு மெயில் அனுப்பினார். நேரில் வர முடியாது, ஆனால் கம்ப்யூட்டர் வழியாக வகுப்புக்கு வருகிறேன் என்று எழுத்தாளர் பதில் எழுதினார். எங்கள் ஊரில் அதுவரை கம்ப்யூட்டர் வழியாக வந்தவர்கள் எல்லாம் துபாயில் இருக்கிற சித்தப்பாக்கள்தான். அதனால் எழுத்தாளரும் துபாயில்தான் இருப்பார் என்று பாதி வகுப்பு முடிவு செய்துவிட்டது.

கதை இதுதான். பையன் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கயிற்றோடு கடலுக்குள் இறங்குவான். மேலே வள்ளத்தில் கயிற்றைப் பிடித்திருப்பவன் அவனுடைய சிநேகிதன். எட்டாம் அத்தியாயத்தில் ஓங்கல்கள், அதாவது டால்பின்கள், கூட்டமாக வந்து தண்ணீரிலிருந்து துள்ளித் துள்ளி விழும். சிநேகிதன் அதில் மயங்கிப்போய், கீழேயிருந்து கயிறு இழுபடுவதைக் கவனிக்காமல் விட்டுவிடுவான். பையன் மூச்சு முட்டிச் சாகக் கிடந்து, எப்படியோ தானே மேலே வருவான். கையில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு முத்து இருக்கும். எங்கள் எல்லோருக்கும் மிகவும் பிடித்த அத்தியாயம் அது. எனக்கும் பிடிக்கும். அதில் தப்பு இருக்கிறது என்று எனக்கு முதலில் தோன்றவே இல்லை.

இத்தனைக்கும் என் அப்பா கடலடியில் வேலை செய்கிறவர். முத்துக்குளிப்பு நின்று பல காலம் ஆகிவிட்டது. அப்பா சங்கு குளிப்பவர். வள்ளத்தில் ஒரு கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து நீளமான ஒரு டியூப் வழியாகக் காற்று கீழே போகும், டியூப்பின் நுனியை வாயில் கவ்விக்கொண்டு அப்பா கடலடியில் நடந்து சங்கு பொறுக்குவார். வள்ளத்தில் ஓர் ஆளுக்கு வேறு எந்த வேலையும் கிடையாது. டியூப்பைக் கையில் பிடித்தபடி, கம்ப்ரசர் சத்தத்தில் ஒரு காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பாவுக்கு அந்த ஆள் எப்போதும் மாமாதான், அதாவது என் அம்மாவின் அண்ணன். எங்கள் ஊரில் யார் வீட்டிலும் அப்படித்தான். முத்துக் காலத்திலிருந்து, தண்ணீருக்குள் இறங்குகிறவனின் கயிறு அவன் மச்சான் கையில்தான் இருக்கும்.

அந்த வருஷம் மட்டும் எங்கள் வீட்டில் அது முறிந்து போயிருந்தது. ஒருநாள் கம்ப்ரசர் சத்தம் லேசாக மாறியதைக் கேட்ட மாமா, யோசிக்காமல் அப்பாவை மேலே இழுத்துவிட்டார். அப்பாவோ அப்போதுதான் கீழே சங்கு கொட்டிக் கிடக்கிற இடத்தைக் கண்டிருந்தார். கம்ப்ரசரில் ஒரு கோளாறும் இல்லை. கரைக்கு வந்ததும் அத்தனை பேர் முன்னால் அப்பா, "பயந்தாங்கொள்ளிக்கு என்னத்துக்குக் கடல்?" என்று கேட்டுவிட்டார். மாமா டியூப்பைச் சுருட்டி ஒழுங்காக வள்ளத்தில் வைத்தார். "இனிமே ஒன் டியூப்ப நான் தொட மாட்டேன் மாப்ள" என்றார். அவ்வளவுதான். பஸ் ஸ்டாப் பக்கம் சிநேகிதர் நடத்திய பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். ஐந்து மாதமாக அந்தச் சுவரைத் தாண்டி அப்பாவுக்கும் மாமாவுக்கும் பேச்சில்லை. கிறிஸ்துமஸுக்கு மாமா வீட்டு முறுக்கு வந்தது, மாமா வரவில்லை.

அப்பா வெளியூர் ஆள் ஒருவரைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டார். அந்த ஆளுக்குக் கையில் டியூப் இருந்தால் காதில் செல்போன் இருக்கும். ஒருநாள் அப்பா வீட்டுக்கு வந்தபோது சட்டையின் முன்பக்கமெல்லாம் ரத்தம். சில்லுமூக்கு உடைந்திருக்கிறது, சளியால்தான் என்றார். டியூப் மடங்கிக் கிடந்ததும், அந்த ஆள் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததும் ஊரெல்லாம் தெரிந்த விஷயம். அம்மா சட்டையை ஊற வைத்துவிட்டு மாதா கோயிலுக்குப் போனாள். மறுநாளும் அவள் கண் சிவந்திருந்தது. அம்மா எங்கள் பள்ளியில்தான் சத்துணவு சமைத்தாள். அடுப்புப் புகை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எழுத்தாளர் வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது பெரிய டீச்சர் கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். எழுதிக் கொடுத்ததைத் தவிர ஒரு வார்த்தை கூடப் பேசக் கூடாது, பேசினால் ஊர் மானம் போய்விடும் என்று மிரட்டியும் வைத்தார். எனக்கு வந்த கேள்வி, "தங்களுக்குப் பிடித்த நிறம் எது?" அதை நான் உயிரைக் கொடுத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். வாசலில் சாளை மீனைச் செதில் உரசிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அவுகளுக்குப் பிடிச்ச நெறம் தெரிஞ்சு ஒனக்கு என்னளா ஆவப்போவுது? அந்தக் கதையில ஒரு தப்பு இருக்கு, அதச் சொல்லு" என்றாள்.

அம்மா அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். சத்துணவு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே படித்தாளாம். தப்பு இன்னதென்று சொல்லி, அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்றும் சொல்லித்தந்தாள். செதில் ஒட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். மூன்றாவது தடவையும் திருப்தி இல்லை. இன்னும் சத்தமாக, ஜன்னல் வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும் என்றாள். டீச்சர் திட்டுவார்களே என்றேன். திட்டினால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். எழுத்தாளரையே தோற்கடிக்கப்போகிறோம் என்ற நினைப்பில் எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு நிகழ்ச்சி. அந்த வருஷங்களில் தினமும் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை எங்கள் ஊரில் கரண்டு இருக்காது. லேப்டாப்பும், நெட் வருவதற்கான டாங்கிளும் கொண்டுவந்தவர் மாமா. ஊரில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அந்த லேப்டாப் கிழம். வயரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும். கூடவே பிரவுசிங் சென்டரின் இன்வெர்ட்டரையும் சுமந்து வந்திருந்தார். எல்லாவற்றையும் மேசைமேல் வைத்துவிட்டு, "பேட்டரி பள்ளிக்கூடத்துல இருக்குன்னு சொன்ன, எங்க?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா கரண்டியோடு வாசலில் நின்றிருந்தாள். "வருது" என்றாள்.

வந்தது. வள்ளத்துப் பேட்டரியைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பா வந்தார். அந்த வாரம் காற்று பலமாக இருந்ததால் வள்ளங்கள் எல்லாம் கரையேறிக் கிடந்தன, அப்பா வீட்டில்தான் இருந்தார். வகுப்பு வாசலில் கால் வைத்தவர் மாமாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். மாமா இன்வெர்ட்டரில் ஏதோ திருகாணியைத் தேட ஆரம்பித்தார். பேட்டரியின் பாரம் தோளை அழுத்தியிருக்க வேண்டும். அதை இறக்கி வைக்காமல் திரும்பிப் போக அப்பாவால் முடியவில்லை. இறக்கி வைத்தார்.

அதன்பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும்.

"டீச்சர், செவப்பு வயரு எதுல மாட்டணும்னு அவர்ட்ட கேளுங்க" என்றார் அப்பா.

"டீச்சர், செவப்பு செவப்புலதான்னு சொல்லுங்க" என்றார் மாமா.

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. பெரிய டீச்சர் பாவம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பி, சொன்னதையே சொன்னார். பேட்டரி முனையில் உப்புப் பூத்து, கிளிப் நிற்காமல் வழுக்கியது. ஒருவர் அதை அழுத்திப் பிடித்தால்தான் லேப்டாப்புக்கு உயிர் வரும். அப்பா தரையில் உட்கார்ந்து அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். உயிர் வந்தது, நெட் வரவில்லை. டாங்கிளை நீள வயரில் மாட்டி, துறைமுகத்தைப் பார்த்த ஜன்னலுக்கு வெளியே நீட்டினால் மட்டும் சிக்னல் கிடைத்தது. மாமா பெஞ்சில் ஏறி நின்று, ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். அப்பா கையை எடுத்தால் லேப்டாப் அணைந்துவிடும், மாமா கையை எடுத்தால் எழுத்தாளர் போய்விடுவார். இரண்டு பேரும் நகர முடியாது.

எழுத்தாளர் வந்தார். கையசைத்தார். எங்கள் ஊர்ப் பெயரைச் சரியாகச் சொன்னார், அதற்கே ஒரு தடவை கைதட்டினோம். பிறகு ஒவ்வொருவராக லேப்டாப் முன்னால் போய்ச் சீட்டில் இருந்ததை ஒப்பித்தார்கள். எத்தனை புத்தகம் எழுதியிருக்கிறீர்கள், எந்த நேரத்தில் எழுதுவீர்கள். முன்வரிசைப் பையன் ஒருவன் மட்டும் சீட்டை மறந்துபோய், "துபாய்ல இப்ப மணி என்ன?" என்று கேட்டான். எழுத்தாளர் சிரித்துக்கொண்டே, ஒன்றரை மணி நேரம் குறைத்துக் கணக்குப் போட்டுச் சொன்னார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. இவரைப் போய்த் தோற்கடிக்க வேண்டியிருக்கிறதே என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

என் முறை வந்தது. சீட்டை மடக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

"ஒங்க கதையில ஒரு தப்பு இருக்கு" என்றேன்.

பெரிய டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். எழுத்தாளர் முன்னால் சாய்ந்தார், திரை முழுக்க அவர் கண்ணாடிதான் தெரிந்தது. சொல்லும்மா என்றார். அம்மா சொல்லித்தந்ததை, ஜன்னல் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"எங்க ஊர்ல கயித்த சிநேகிதன் பிடிக்க மாட்டான். மச்சான்தான் பிடிப்பாவ. கயிறு நழுவுச்சுன்னா அவுக கூடப்பெறந்தவ தாலிதான போவும்? அதனால அவுக கண்ணு வேற எங்கயும் போவாது. ஓங்கல் வந்தாலும் பாக்க மாட்டாவ. கப்பலே வந்தாலும் பாக்க மாட்டாவ."

கப்பல் மட்டும் என் சொந்தச் சரக்கு.

எழுத்தாளர் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு தாளை எடுத்து எழுதிக்கொண்டார். "நான் எத்தனையோ பேர்கிட்ட விசாரிச்சுத்தான் எழுதினேன். இதை யாருமே எனக்குச் சொல்லல" என்றார். "நீ சொல்றது சரின்னா என் எட்டாம் அத்தியாயமே நிக்காதே." அடுத்த பதிப்பில் மாற்றிவிடுகிறேன் என்றும் சொன்னார். வகுப்பே என்னைப் பார்த்தது. இவ்வளவு பெரிய வெற்றி எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. உட்காரலாம் என்று திரும்பினேன். அப்போது அவர் கேட்டார், "உங்க அப்பாவும் கடல்லதான் வேலை பாக்கிறாங்களா? அவருக்கு யாரு பிடிக்கிறாங்க?"

இதற்கு அம்மா ஒன்றும் சொல்லித்தரவில்லை. அதனால் உண்மையைச் சொன்னேன். முன்னாடி எங்க மாமா பிடிச்சாவ, இப்ப வேற ஊரு ஆளு. ஏன் என்று கேட்டார். "தெரியல. மாமா அங்கன ஜன்னல்லதான் நிக்காவ, நீங்களே கேளுங்க" என்று லேப்டாப்பைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பினேன்.

வகுப்பு சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. கிளிப்பை அழுத்தியிருந்த அவர் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. எழுத்தாளர் மரியாதையாக, "ஐயா, நான் கேட்டது கேட்டுச்சா?" என்றார். மாமாவால் திரும்ப முடியவில்லை, நீட்டிய கை லேசாக ஆடியது. திரையில் எழுத்தாளர் வாயைத் திறந்தபடி உறைந்துபோனார். மாமா கையை இன்னும் கொஞ்சம் வெளியே நீட்டினார். எழுத்தாளர் மறுபடி அசைந்தார்.

"நான்தான் பிடிப்பேன்" என்றார் மாமா, கடலைப் பார்த்துக்கொண்டே. "நடுவுல கொஞ்ச நாளு பிடிக்கல."

இன்வெர்ட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அப்பா பேட்டரியைப் பார்த்துப் பேசினார். டீச்சரிடம் சொல்லச் சொல்லவில்லை.

"திங்கக்கெழம காத்து விழுந்துரும்னு சொல்லுதாவ, மச்சான்."

"விழுந்துரும்" என்றார் மாமா. "வெள்ளன வாரேன், மாப்ள."

எழுத்தாளருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. வானிலை பேசுகிறார்கள் என்று நினைத்து, நல்லது, நல்லது என்றார். பிறகு எனக்காக எல்லோரையும் கைதட்டச் சொன்னார். ஜன்னல் கண்ணாடி அதிர்கிற மாதிரி தட்டினார்கள். அப்பாவும் தட்டப் போய்க் கையை எடுத்துவிட்டார், லேப்டாப் அணைந்துவிட்டது. எங்கள் பள்ளிக்கு ஓர் எழுத்தாளரின் முதல் விஜயம் அப்படித்தான் முடிந்தது.

திங்கட்கிழமை காற்று விழுந்தது, கடல் அடங்கியது. இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில் போனார்கள். கூலி ஆளுக்கு அந்த வள்ளத்தில் அதன்பிறகு இடமில்லை. அப்பாவும் மாமாவும் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள், ஆனால் வள்ளத்துக்குள் வைத்தே முடித்துவிடுகிறார்கள்.

அடுத்த வருஷம் பள்ளிக்கு ஒரு பார்சல் வந்தது. புதுப் பதிப்பு, பத்துப் பிரதி. எட்டாம் அத்தியாயத்தில் சிநேகிதனைக் காணோம். பையன் கல்யாணமான இளைஞனாகியிருந்தான், வள்ளத்தில் மச்சான் உட்கார்ந்திருந்தான். ஓங்கல்கள் வந்து என்னென்னவோ வித்தை காட்டுகின்றன, மச்சான் தலையைத் திருப்பவில்லை. மூச்சு முட்டுகிற காட்சிக்கு வழியே இல்லாமல் போனதால், எழுத்தாளர் பாவம், ஒரு புயலைக் கொண்டுவந்து அத்தியாயம் முழுவதையும் திரும்ப எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில், தன் தப்பைத் திருத்திய கடற்கரை ஊர் ஆறாம் வகுப்பு மாணவிக்கு நன்றி என்று ஒரு வரி. பெரிய டீச்சர் அதைக் காலைப் பிரார்த்தனையில் வாசித்தார். நான் ஒரு மாதம் தரையில் நடக்கவில்லை.

இந்த வருஷம் பெரிய டீச்சர் ஓய்வு பெற்றார். பிரிவு உபசார விழாவுக்குப் போயிருந்தேன். ஓரமாக உட்கார்ந்து சாப்பிடும்போது, வழக்கம்போல் என் வெற்றிக் கதையை எடுத்தேன். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அந்த எழுத்தாளரம்மா எனக்குக் கொடுத்த நேரம் காலை பதினோரு மணி. ஒங்க அம்மாதான் வந்து ரெண்டு மணிக்கு மாத்தச் சொன்னா" என்றார்.

பதினோரு மணிக்கு எங்கள் ஊரில் கரண்டு ஜம்மென்று இருக்கும். பேட்டரியும் வேண்டாம், அதைத் தூக்கிக்கொண்டு வர அப்பாவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அம்மாவிடம் கேட்டேன். அவள் சாளையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "பதினோரு மணிக்கு நான் சோறு வடிச்சிக்கிட்டு இருப்பேன். எப்பிடி வந்து பாக்க?" என்றாள்.

ஆனால் அவள் பார்த்தது எதை என்று எனக்குத் தெரியும். வகுப்பே என்னைப் பார்த்துக் கைதட்டியபோது நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அம்மா கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, எழுத்தாளரையும் பார்க்கவில்லை. ஜன்னலில் நின்ற தன் அண்ணனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜெயித்ததை அம்மா கவனிக்கவே இல்லையே என்று அன்று சாயங்காலம் முழுக்க நான் அவளோடு பேசவில்லை.